தியேட்டரில் 3 தீபாவளி கண்டது 'ஹரிதாஸ்'. ஜெயிலில் இருந்தார் கதாநாயகன் பாகவதர்!

சுங்குவார்சத்திரம்:

தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார் எம்.கே.தியாகராஜ பாகவதர். அவர் நடித்தது மொத்தமே 14 படம்தான். முதல் 9 படத்திலேயே யாரும் தொட முடியாத உயரத்துக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு ஒரு கொலை வழக்கில் சிக்கினார். ஜெயிலுக்குப் போனார். கடைசியில் ஐகோர்ட்டு விடுதலை செய்தது. ஆனால் வெளியே வந்து நடித்த 5 படமும் அவரைக் கரை சேர்க்கவில்லை.

இதே வழக்கில் கைதாகி, அதே தண்டனையை அனுபவித்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். அவர் வெளியே வந்து மறுபடியும் ஜெயித்தார். பாகவதரால் மட்டும் ஏன் முடியவில்லை?

நகைத் தொழிலாளி மகன்

சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துத் தங்கி, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு ஷிப்டு போகிற பையன்களில் மயிலாடுதுறை, திருச்சி பக்கத்து ஆட்களும் உண்டு. பாகவதரும் அந்தப் பக்கத்துக்காரர்தான்.

1910-ம் ஆண்டு மார்ச் 1-ந்தேதி மாயவரத்தில் (இப்போதைய மயிலாடுதுறை) பிறந்தார். அப்பா கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி. நகை செய்யும் தொழில். பிழைப்புக்காக குடும்பம் திருச்சிக்கு வந்தது.

பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. பாட்டு என்றால் உயிர். பாட்டு சோறு போடாது என்று வீட்டில் கண்டித்தார்கள். பையன் வீட்டை விட்டே ஓடிப்போனான். எங்கெங்கோ தேடிய அப்பா, கடைசியில் ஆந்திராவில் உள்ள கடப்பாவில் மகனைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். அங்கே ஒரு கூட்டம் சுற்றி நின்று கேட்க, பையன் பாடிக்கொண்டிருந்தானாம். அதைப் பார்த்த பிறகு அப்பா தடுக்கவில்லை.

திருச்சியில் ரெயில்வே அதிகாரியாக இருந்தவர் எப்.ஜி.நடேச அய்யர். நாடகப் பிரியர். ரசிக ரஞ்சன சபா என்ற சபாவை நடத்தி வந்தார். அவர் பையனின் குரலைக் கேட்டு 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசன் வேஷம் கொடுத்தார். அப்போது பையனுக்கு வயது 10.

அதன் பிறகு மதுரை பொன்னு அய்யங்காரிடம் முறைப்படி சங்கீதம் கற்றார். 6 வருஷம் பயிற்சி. கச்சேரி அரங்கேற்றத்தில் பக்கவாத்தியம் வாசித்தவர் அந்தக் காலத்து பெரிய வித்வான் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை. அவர்தான் 'பாகவதர்' என்று பட்டம் கொடுத்தார். சாகும்வரை அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வெயிலில் எடுத்த படம்

'பவளக்கொடி' நாடகத்தில் பாகவதர் அர்ஜுனன். எஸ்.டி.சுப்புலட்சுமி பவளக்கொடி. ஊர் ஊராகக் கூட்டம் அலைமோதியது. இதே ஜோடியை வைத்து டைரக்டர் கே.சுப்பிரமணியம் அதைப் படமாக எடுத்தார். 1934-ல் வெளிவந்தது. பாகவதருக்கும், சுப்புலட்சுமிக்கும், டைரக்டருக்கும் அதுதான் முதல் படம்.

சென்னை அடையாறில் திறந்தவெளியில் படப்பிடிப்பு. விளக்கு வசதி கிடையாது. சூரிய வெளிச்சம்தான் எல்லாம். மேகம் வந்தால் ஷூட்டிங் நின்றுவிடும். சாப்பாட்டு நேரத்தில் காக்கா கூட்டம் வந்து கத்தினால் அந்தச் சத்தமும் பதிவாகிவிடும். அதனால் காக்கா விரட்டுவதற்கு என்றே ஒரு ஆளை சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள்.

படத்தில் சுமார் 50 பாட்டு. நடிக்கும்போதே கேமரா முன்னால் பாட வேண்டும். ஒருவர் பாடி இன்னொருவர் வாயசைக்கும் வசதி அப்போது இல்லை. பாடத் தெரியாதவன் கதாநாயகன் ஆக முடியாது என்ற காலம் அது. பாகவதருக்கென்றே செய்து வைத்த காலம் என்றும் சொல்லலாம்.

தியேட்டர் கட்டிய லாபம்

1937-ல் வந்த 'சிந்தாமணி' அவரை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியது. ஒய்.வி.ராவ் டைரக்ஷன். ஜோடி அஸ்வத்தம்மா. பாட்டு பாபநாசம் சிவன். ஒரே தியேட்டரில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய முதல் தமிழ்ப் படம் இதுதான்.

படத்தில் வந்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரையே கட்டி, அதற்கு 'சிந்தாமணி' என்றே பெயர் வைத்தார்கள். மதுரைக்காரர்கள் பல தலைமுறையாகப் படம் பார்த்த அந்தத் தியேட்டர் இப்போது இல்லை.

அதே வருஷம் வந்த 'அம்பிகாபதி'யும் சக்கை போடு போட்டது. அதை டைரக்ட் செய்தவர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் தெரியாதவர். வசனம் எழுதியவர் இளங்கோவன். பாட்டே பிரதானமாக இருந்த காலத்தில், வசனத்தையும் ரசிக்கலாம் என்று ஜனங்களுக்குக் காட்டிய படம் அது. பின்னால் தன் மார்க்கெட்டையே வசனம் சாப்பிடப் போகிறது என்று பாகவதர் அப்போது நினைத்திருக்க மாட்டார்.

அடுத்து 'திருநீலகண்டர்' (1939), 'அசோக்குமார்' (1941), 'சிவகவி' (1943). எல்லாமே வெற்றி.

'அசோக்குமார்' படத்தில் பாகவதர், அசோகச் சக்கரவர்த்தியின் மகன் குணாளனாக நடித்தார். செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்து, கண் பார்வையை இழக்கும் வேஷம். அந்தப் படத்தில் ஒரு சின்ன வேஷத்தில் நடித்த இளைஞர் எம்.ஜி.ஆர்.

பாகவதர் கிராப்

தோள் வரை புரளும் தலைமுடி, காதில் வைரக் கடுக்கன், விரலில் வைர மோதிரம், பட்டு ஜிப்பா, ஜரிகை அங்கவஸ்திரம். இதுதான் பாகவதர். ஊரில் பாதி இளைஞர்கள் அதே மாதிரி முடி வளர்த்தார்கள். 'பாகவதர் கிராப்' என்ற வார்த்தையே அப்படி வந்ததுதான்.

அவர் ரெயிலில் போகிறார் என்று தெரிந்தால் வழியில் உள்ள ஸ்டேஷன்களில் எல்லாம் ஜனங்கள் காத்துக் கிடப்பார்கள். தங்கத் தட்டில்தான் சாப்பிடுவார் என்று ஊரெல்லாம் பேச்சு. கேட்டவர்களுக்கு அள்ளிக் கொடுத்தார் என்ற பெயரும் இருந்தது. கோவில் கச்சேரி, நிதிக் கச்சேரி என்று சினிமாவுக்கு வெளியிலும் ஓயாமல் பாடினார்.

3 தீபாவளி

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளிவந்தது. சுந்தர்ராவ் நட்கர்னி டைரக்ஷன். டி.ஆர்.ராஜகுமாரி தாசி ரம்பாவாக வந்தார். என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் காமெடி.

அது இரண்டாம் உலகப்போர் நேரம். பிலிம் தட்டுப்பாடு. 11 ஆயிரம் அடிக்கு மேல் படம் எடுக்கக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. அதற்குள் அடங்கிய சின்னப் படம்தான் 'ஹரிதாஸ்'.

ஆனால் சென்னை பிராட்வே தியேட்டரில் அது 100 வாரத்தையும் தாண்டி ஓடியது. 1944, 1945, 1946 என்று 3 தீபாவளியைப் பார்த்தது.

அப்பா அம்மாவை விரட்டிவிட்டு ஆட்டம் போடுகிறவன், எல்லாவற்றையும் இழந்து, திருந்தி, இழந்ததைத் திரும்பப் பெறுவதுதான் கதை. படத்தில் ஹரிதாசுக்கு வாழ்வு திரும்ப வந்தது.

படம் ரிலீசாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இடி விழுந்தது.

லட்சுமிகாந்தன் கொலை

சி.என்.லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்ற பத்திரிகையை நடத்தி வந்தார். நடிகர், நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதுவதுதான் அதன் வேலை. பலர் பயந்துபோய் பணம் கொடுத்தார்கள் என்று பேச்சு. பாகவதர், என்.எஸ்.கிருஷ்ணன், பட்சிராஜா ஸ்டூடியோ அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கவர்னரிடம் மனு கொடுத்தார்கள். பத்திரிகையின் லைசென்ஸ் ரத்தானது.

லட்சுமிகாந்தன் விடவில்லை. 'இந்து நேசன்' என்ற பத்திரிகையை எடுத்து மறுபடியும் அதே வேலையைத் தொடங்கினார்.

1944 நவம்பர் 8-ந்தேதி சென்னை வேப்பேரி பகுதியில் அவர் கை ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்தார். அப்போது வழிமறித்துக் கத்தியால் குத்தினார்கள். ஜெனரல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட அவர் மறுநாள் இறந்துபோனார்.

விசாரித்த போலீசார் டிசம்பரில் பாகவதரையும், என்.எஸ்.கிருஷ்ணனையும், ஸ்ரீராமுலு நாயுடுவையும் கைது செய்தார்கள். கொலைக்கு சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. தமிழ்நாடே அதிர்ந்தது. கோர்ட்டு வாசலில் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதே போலீசுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

தீவாந்திர தண்டனை

சென்னை ஐகோர்ட்டில் ஜூரிகள் முன்னிலையில் வழக்கு நடந்தது. கைதானவர்களில் ஒருவர் அப்ரூவராக மாறி சாட்சி சொன்னார். ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று ஜூரிகள் சொன்னார்கள். 1945 மே 3-ந்தேதி இருவருக்கும் தீவாந்திர தண்டனை, அதாவது ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

ஐகோர்ட்டில் அப்பீல் செய்தார்கள். பலன் இல்லை.

கடைசியாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்கு வழக்கு போனது. வெள்ளைக்காரர் ஆட்சியில் அதுதான் எல்லா கோர்ட்டுக்கும் மேலான கோர்ட்டு. வழக்கை மறுபடியும் விசாரிக்கும்படி சென்னை ஐகோர்ட்டுக்கு பிரிவி கவுன்சில் உத்தரவிட்டது. மறு விசாரணையில் பிரபல வக்கீல் வி.எல்.எத்திராஜ் வாதாடினார். சாட்சியங்களை நம்ப முடியாது என்று 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை செய்யப்பட்டார்கள்.

லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை.

கைதான நாளில் இருந்து விடுதலை வரை 2 வருஷத்துக்கும் மேல் ஓடிவிட்டது. 'ஹரிதாஸ்' தியேட்டரில் 2-வது தீபாவளியும் 3-வது தீபாவளியும் கொண்டாடியபோது, அதன் கதாநாயகன் ஜெயிலில் இருந்தார். கைதாவதற்கு முன்பு அவர் ஒப்புக்கொண்டிருந்த படங்கள் பல. அவை எல்லாம் கைமாறிப் போயின. அவர் நடிப்பதாக இருந்த 'உதயணன்' படத்தில் சங்கீத வித்வான் ஜி.என்.பாலசுப்பிரமணியம் நடித்தார்.

வக்கீல் செலவில் சொத்தும் கரைந்தது.

மாறிப்போன சினிமா

2 வருஷம் என்பது பெரிய காலம் இல்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து சினிமாவே மாறிக்கொண்டிருந்தது.

முதல் மாற்றம், பின்னணிப் பாட்டு. பாட்டைத் தனியாகப் பதிவு செய்து, நடிகர் வாயசைத்தால் போதும் என்ற முறை பரவியது. பாடத் தெரியாதவரும் கதாநாயகன் ஆகலாம் என்று ஆனது. கம்பெனியில் புது மெஷின் வந்ததும், 20 வருஷமாகக் கைவேலையில் கெட்டிக்காரராக இருந்தவரின் மதிப்பு என்ன ஆகிறதோ, அதுதான் பாகவதருக்கும் ஆனது. அவர் வேலையில் குறை எதுவும் இல்லை. அந்த வேலைக்குத் தேவை குறைந்துவிட்டது.

இரண்டாவது மாற்றம், வசனம். 1949-ல் அண்ணா எழுதிய 'வேலைக்காரி' வந்தது. 1950-ல் கருணாநிதி வசனத்தில் எம்.ஜி.ஆர். நடித்த 'மந்திரி குமாரி' வந்தது. 1952-ல் 'பராசக்தி' வந்து சிவாஜி கணேசனை ஒரே நாளில் நட்சத்திரம் ஆக்கியது. ஜனங்கள் பாட்டுப் புத்தகம் வாங்கிய காலம் போய், வசனப் புத்தகம் வாங்கும் காலம் வந்தது.

மூன்றாவது மாற்றம், கதை. புராணக் கதையும் பக்திப் பாட்டும் பின்னால் போயின. கூலிக்காரன் கஷ்டம், ஜமீன்தார் கொடுமை, சாதி என்று படங்கள் பேச ஆரம்பித்தன.

ஹாலிவுட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. ஊமைப் பட காலத்தில் கொடிகட்டிப் பறந்தவர் ஜான் கில்பர்ட். 1927-க்குப் பிறகு பேசும் படம் வந்ததும் அவருடைய மார்க்கெட் சரிந்தது. 1936-ல் 38 வயதிலேயே இறந்துபோனார். அங்கே படம் பேச ஆரம்பித்ததும் ஒரு கதாநாயகன் விழுந்தார். இங்கே படம் பாட்டைக் குறைத்து அதிகம் பேச ஆரம்பித்ததும் ஒருவர் விழுந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 'மந்திரி குமாரி'யை டைரக்ட் செய்தவர்களில் ஒருவர் பாகவதரின் 'அம்பிகாபதி'யை எடுத்த அதே டங்கன். 1954-ல் எம்.ஜி.ஆரை வைத்து 'மலைக்கள்ளன்' எடுத்து வெற்றி கண்டவர், பாகவதரோடு கைதாகி விடுதலையான அதே ஸ்ரீராமுலு நாயுடு. கூட இருந்தவர்கள் எல்லாம் புது ரெயிலில் ஏறிவிட்டார்கள்.

கலைவாணர் ஜெயித்தது எப்படி?

என்.எஸ்.கிருஷ்ணனும் அதே ஜெயிலில் இருந்து வந்தவர்தான். பெயர் கெட்டது என்றால் இருவருக்கும்தான் கெட்டது. ஆனால் அவருடைய சரக்கு வேறு. சிரிக்க வைத்துக்கொண்டே மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்வது அவர் பாணி. புதிய காலம் கேட்டதும் அதையேதான்.

1949-ல் அண்ணா எழுதிய 'நல்லதம்பி'யில் அவர் கதாநாயகன். 1951-ல் 'மணமகள்', 1952-ல் 'பணம்' என்று படங்களை டைரக்ட் செய்தார். இரண்டுக்கும் கருணாநிதி வசனம். புதிய ஆட்களோடு கைகோத்துக்கொண்டார்.

அதனால் பாகவதரை வீழ்த்தியது ஜெயில் மட்டும்தான் என்று சொல்ல முடியாது. ஜெயிலில் இருந்த நேரத்தில் வெளியே மாறிய காலமும் சேர்ந்துதான் வீழ்த்தியது.

கடைசிப் படங்கள்

வெளியே வந்த பாகவதர் சொந்தமாக 'ராஜமுக்தி' படம் எடுத்தார். புனாவில் படப்பிடிப்பு. வி.என்.ஜானகி, பானுமதி, எம்.ஜி.ஆர். நடித்தார்கள். இதற்கு வசனம் எழுதப் போன எழுத்தாளர் புதுமைப்பித்தன் அங்கே நோய் முற்றி, ஊர் திரும்பி 1948 ஜூன் மாதம் இறந்துபோனார். அதே வருஷம் வெளிவந்த படமும் ஓடவில்லை.

1952-ல் 'அமரகவி', 'சியாமளா'. இரண்டும் பழைய கூட்டத்தைக் கொண்டுவரவில்லை. 1957-ல் அவரே டைரக்ட் செய்த 'புதுவாழ்வு' வந்தது. பெயரில் மட்டும்தான் புது வாழ்வு இருந்தது.

அதே 1957-ல் 'அம்பிகாபதி' கதையை சிவாஜி கணேசனை வைத்து மறுபடியும் எடுத்தார்கள். அதில் அப்பா கம்பர் வேஷத்துக்கு பாகவதரைக் கேட்டார்கள் என்றும், அவர் மறுத்துவிட்டார் என்றும் சினிமா வட்டாரத்தில் சொல்வதுண்டு. 20 வருஷத்துக்கு முன்பு அம்பிகாபதியாக நடித்தவரிடம் அப்பா வேஷம் என்றால் மனசு எப்படி வரும்? வயதுக்கு ஏற்ற வேஷம் என்று இறங்கி வந்திருந்தால் இன்னும் பல வருஷம் ஓடியிருக்கலாம். கதாநாயகனாக மட்டுமே இருந்தவர், கதாநாயகனாகவே போனார்.

49 வயதில் மரணம்

சர்க்கரை நோய் அவரை வாட்டியது. பார்வை மங்கியது. படத்தில் குணாளனுக்குப் போன கண் திரும்பக் கிடைத்தது. பாகவதருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் குரல் மட்டும் கடைசிவரை கைவிடவில்லை. கச்சேரிகளில் பாடிக்கொண்டுதான் இருந்தார்.

1959 நவம்பர் 1-ந்தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 49. லட்சுமிகாந்தன் உயிர் பிரிந்த அதே ஆஸ்பத்திரி.

உடல் திருச்சிக்குக் கொண்டு செல்லப்பட்டு, சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டது. கடைசிப் படமான 'சிவகாமி' அவர் இறந்த பிறகு 1960-ல் வெளிவந்தது.

திருச்சியில் அவருக்குத் தமிழக அரசு மணிமண்டபம் கட்டியிருக்கிறது. பாடத் தெரிந்த பையன் ஒருவன் ஊரில் தலைமுடியை நீளமாக வளர்த்தால், பாகவதர் என்று பெரியவர்கள் இன்றும் கூப்பிடுவார்கள். படத்தையே பார்க்காதவர்களுக்கும் தெரிந்த பெயர் அது.